செவுள் வெளுத்த காலுமீன்

டிராமில் என் மடியிலிருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தவர் குனிந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் போலிருந்தது. தோளில் இரும்புக் கொக்கி தொங்கியது.

"இன்னா தம்பி அது, பல்லியா?"

"இல்லைங்க."

"மீனா?"

"மீனும் இல்லைங்க."

"காலு கீது, வாலு கீது, தண்ணிக்குள்ள குந்தினு கீது. மீனும் இல்ல, பல்லியும் இல்லன்னா பின்ன இன்னாதான்பா அது?"

அதற்குள் பக்கத்திலிருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "நாலு காலு கீதேப்பா, இதுக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அது டார்ஜிலிங்கிலிருந்து வந்த உயிர். கல்லூரியில் எங்கள் விலங்கியல் ஆசிரியரின் மைத்துனர் அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். மலைக்குட்டை ஒன்றில் பிடித்த குஞ்சுகளை ஒரு பிளாஸ்கில் போட்டு ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார். வழியில் செத்தவை போக ஒன்றுதான் மிஞ்சியது. சாலமாண்டர் என்று ஆசிரியர் சொன்னார். தமிழில் பெயர் கிடையாது, நம் பக்கத்தில் இந்த இனமே இல்லை என்றார். விரல் நீளம் இருந்தது. மீனுக்கு இருப்பது போல வால். நான்கு கால்களிலும் பிறந்த குழந்தையின் விரல் மாதிரி விரல்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் செவுள்கள் வெளியே விரிந்து, செந்நிறத்தில் கோழி இறகின் தூவி போல ஆடிக்கொண்டிருந்தன.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கல்லூரி மூடும் நாள் அது. ஆசிரியர் ஊருக்குப் போகிறார், ஆய்வுக்கூடத்துக்கும் பூட்டு. யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"கருவாடு கையில மீனைக் கொடுத்தா குழம்பாயிடும் சார்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். என்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். ராயபுரம் கடலோரத்திலிருந்து வருகிறவன், அம்மா கூடையில் மீன் விற்கிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. "இது இன்னும் கொஞ்ச நாளில் மாறப்போகிறது. செவுள் சுருங்கிப் போகும். நுரையீரலால் மூச்சு விடும். தண்ணீரை விட்டுக் கரையேறும். அந்த நேரத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நீ உயிரோடு திருப்பிக் கொண்டுவா. வகுப்பின் முன்னால் நின்று என்னென்ன பார்த்தாயோ அதை நீயே சொல்லு" என்றார்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உயிருள்ள தீனி வேண்டும். செவுள் சுருங்கத் தொடங்கினால் தண்ணீரைக் குறைத்து, ஏறி உட்கார ஒரு கல் வைக்க வேண்டும். உப்பு மட்டும் படவே கூடாது. டிராமில் வரும்போது இவற்றை மந்திரம் மாதிரி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்வரிசையில் கருவாடாக உட்கார்ந்திருந்தவன் முன்னால் போய் நின்று பேசப்போகிறேன். அந்த ஜாடிக்குள் இருந்தது எனக்கு அதுதான்.

வீட்டில் அம்மா ஜாடியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். காலையோ வாலையோ அவள் பார்க்கவில்லை. முதலில் பார்த்தது செவுளைத்தான்.

"செவுளு ஷோக்கா கீது. நல்ல சரக்குடா."

"இது விக்கிறதுக்கு இல்லம்மா!"

"தெரியும் போடா. சொன்னேன்."

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கரைக்கு வரும் மீனில் அவள் விலை கேட்பதற்கு முன்பே கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். சிவப்பாக இருந்தால் கூடைக்குள் போகும். வெளுத்திருந்தால், மீன் துள்ளினாலும் தொடமாட்டாள். "இது போயிருச்சு, அதுக்கே இன்னும் தெரியல" என்பாள். மற்றப் பெண்களுக்குள் தகராறு வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் சொன்னது தப்பியதை நான் பார்த்ததில்லை.

அதேபோல எங்கள் வீட்டில் எழுத்து என்று வந்தால் நான்தான். எனக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. மருந்து பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டு, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாவற்றையும் அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். கேட்டுவிட்டுப் பக்கத்து வீடுகளுக்குப் போய், "எம்புள்ள சொன்னான்" என்று ஆரம்பிப்பாள். அந்த வார்த்தையை நான் அப்போது முழுதாக நம்பினேன்.

ஜாடி சூடேறியது என்று அகலமான மண்தொட்டிக்கு மாற்றினேன். சுற்றிலும் ஈரச் சாக்கு. சித்தப்பா, அதாவது நான் நைனா என்று கூப்பிடுகிற என் அப்பாவோடு ஒரே கட்டுமரத்தில் போகிற அவருடைய தம்பி, கரையிலிருந்த ஐஸ் டிப்போவில் உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருவார். "ஊர்ல செத்த மீனுக்குத்தான் ஐஸு. நம்ம வூட்ல உசுரோட கீறதுக்கு ஐஸு. ராஜா வூட்டு மாப்ளடா இவன்" என்பார்.

தீனிக்குக் குழாயடிப் பள்ளத்தில் கொசுப்புழு அள்ளுவேன். நைனா வலையில் சிக்கிய சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலைக் கொட்டாங்கச்சியில் எடுத்து வருவார். உப்புப் போக நான் பலமுறை குழாய்த் தண்ணீரில் அலசிக் கொடுத்த பிறகு, ஈர்க்குச்சி நுனியில் ஒன்றைக் குத்தி அதன் மூக்குக்கு நேரே ஆட்டுவார். அது வெகுநேரம் சும்மா இருக்கும். பிறகு திடீரென்று கவ்வும். நைனா தொடையில் தட்டிச் சிரிப்பார். நாலு பேரோடு நின்று சிரித்து நான் பார்க்காத மனிதர் அவர். "துன்னுடா, காலுமீனு, துன்னு" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது. வீட்டில் நாலு பேருக்கும் அது காலுமீன்.

அப்புறம் ஒரு காலையில் பார்த்தேன். செவுள்களின் நுனி சுருங்கியிருந்தது. சிவப்பு மங்கி, கழுவிய துணி மாதிரி இருந்தது. சந்தோஷத்தில், "மாறுதும்மா! மாற ஆரம்பிச்சிடுச்சி!" என்று கத்தினேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தண்ணீரைக் குறைத்துத் தொட்டிக்குள் ஒரு கல் வைத்தேன். அடுத்து வந்த நாட்களில் ஆசிரியர் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. வாலின் ஓரத்திலிருந்த மெல்லிய சவ்வு கரைந்தது. தோல் கறுத்துத் தடித்தது. நைனா ஈர்க்குச்சியை ஆட்டி ஆட்டிப் பார்த்தும் அது வாயைத் திறக்கவில்லை. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. எனக்கு இதெல்லாம் நல்ல சேதி. ஆனால் கடலில் பிறந்து வளர்ந்த இருவருக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் புரிகிறது. செவுள் வெளுக்கிறது, துடுப்பு உதிர்கிறது, நிறம் மாறுகிறது, இரை எடுக்கவில்லை, மேலே வந்து வாயைப் பிளக்கிறது. செத்துக்கொண்டிருக்கிற மீன் இவ்வளவையும்தானே செய்யும்?

"இது தாங்காது நைனா" என்றாள் அம்மா என்னிடம். பாசம் வந்தால் என்னையும் நைனா என்பாள்.

நான் பொறுமையாக உட்கார்ந்து சொன்னேன். "தலைப்பிரட்டை பாத்திருக்கியா? வாலு போயி தவளையாகுதுல்ல? அதே மாதிரிதான். செவுளு இனிமே அதுக்கு வேணாம். நம்மள மாதிரி மூச்சு உடப்போவுது."

"அது தவள. இது மீனு."

"இது மீனு இல்லம்மா."

"மீனு இல்லன்னா செவுளு ஏன் வந்துச்சு?"

நைனா நடுவில் வந்தார். "கொயாத் தண்ணி ஒத்துக்கலடா அதுக்கு. கடல் தண்ணி ஒரு சொம்பு ஊத்திப் பாப்போமா? செவுளு செவக்கும்."

"ஐயோ நைனா, உப்பு பட்டா செத்துரும். மலைத் தண்ணில பொறந்தது அது. ஒரு சொட்டு உப்பும் கூடாது. வாத்தியார் அத்தத்தான் முக்கியமா சொன்னாரு."

நைனா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். "நீ படிச்சவன். உனக்குத் தெரியாததா" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

கரையேறுகிறதற்குக் கரை வேண்டுமே. எங்கள் பக்கத்து மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்பு. புழல் ஏரிக்கரையில் நல்ல களிமண்ணும் கல்லில் பிடித்த பாசியும் கிடைக்கும் என்று வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா சோறு கட்டிக் கொடுத்தாள்.

"எப்போ வருவே?"

"சாயங்காலம் ஆவும்."

"வெயில் தாள வா. அவசரப்படாதே. நின்னு நெதானமா வா" என்றாள்.

ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. முழங்காலளவு இறங்கி, பாசியைக் கிழியாமல் உரித்து, ஈரத் துணியில் சுற்றினேன். மண்ணைக் கூடையில் அள்ளி சைக்கிளின் பின்னால் கட்டினேன். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அதன்மேல் தண்ணீர் தெளித்தேன். காலுமீன் எந்தப் பக்கமாக ஏறும், கல்லை எங்கே நகர்த்தி வைப்பது என்று மனசுக்குள் கட்டிக்கொண்டே மிதித்தேன்.

தொட்டியில் தண்ணீர் இருந்தது. அது இல்லை.

"காக்கா தூக்கினு பூட்சுடா" என்றாள் அம்மா. "கல்லு மேல ஏறிச்சு. நான் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள கொத்தினு பூட்சு."

"கல்லு மேல ஏறிச்சா? நீ பாத்தியா?"

"பாத்தேன் நைனா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

நைனா வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

காக்கை சில சமயம் இரையைக் கூரைமேல் போட்டுவிடும் என்று எனக்கு ஓர் ஆசை. பக்கத்து ஓட்டு வீட்டுக்காரரிடம் ஏணி கேட்டு வாங்கினேன். ஏறி, ஓட்டுக்கு ஓடு தடவித் தேடினேன். அடுத்த வீட்டுக் கூரையிலும் தேடினேன். ஏணி ஆடியது. கீழே அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்துடா, பாத்து. கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இருட்டுகிற வரைக்கும் கேட்டாள்.

கல்லூரி திறந்ததும் காலி ஜாடியைக் கழுவித் துடைத்து எடுத்துப் போனேன். ஆசிரியர் என்னை முன்னால் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். செவுள் சுருங்கியதை, தோல் கறுத்ததை, காற்றை விழுங்கியதை, கடைசியில் கல்மேல் ஏறியதை, காக்கையை.

"காக்காவா, குழம்பா?" என்று அதே குரல் பின்னாலிருந்து வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

"எங்கம்மா கண்ணால பார்த்தாங்க சார்" என்றேன். "எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்க."

"சரி, உட்காரு" என்றார் ஆசிரியர். கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் நம்பிக் கொடுக்கவில்லை.

மாசி பிறந்த பிறகு ஒரு நாள், கரையில் சித்தப்பா கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளை உலரப் போட்டுக்கொண்டிருந்தார். கூடமாட நானும் இழுத்தேன். களைப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெனம் வலைய உதறும்போது பாக்கறேன்டா. உன் தோஸ்து மாட்டவே மாட்டேங்கறான்."

"எந்த தோஸ்து?"

"அதாண்டா, காலு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் அவரை விடவில்லை. "சொல்லிட்டேனு உங்கம்மாகிட்ட சொல்லிடாதே" என்று கெஞ்சிவிட்டுச் சொன்னார். நான் புழலுக்குப் போன அன்று, சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அம்மா அதை ஈரத் துணியில் வைத்து ஒரு கலயத்தில் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாளாம். மஞ்சள் தெளித்துக் கற்பூரம் கொளுத்தினாளாம். நைனாவும் சித்தப்பாவும் அதற்காகவே கட்டுமரத்தைத் தள்ளி, அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய், குனிந்து தண்ணீரில் விட்டார்களாம்.

"உங்க நைனா கண்ணுல தண்ணிடா. சத்தியமா. அது கொஞ்சம் துடிச்சுது. அப்பால நேரா கீய பூட்சு. ஷோக்கா போச்சுடா, பேஜாராவாதே. எங்கயோ நல்லாத்தான் கீது."

நேராகக் கீழே. நான் வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா கீரை கடைந்துகொண்டிருந்தாள். புழலிலிருந்து நான் கொண்டுவந்த மண்ணை வீணாக்குவானேன் என்று அதே தொட்டியில் கொட்டி, சிறுகீரை விதைத்திருந்தாள். அன்று முதல் பறிப்பு. நைனா பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"காலுமீன கடல்ல உட்டியாம்மா?"

மத்து நின்றது. நைனா மெதுவாகத் தட்டைத் தரையில் வைத்தார்.

"யாரு சொன்னது?" என்றாள். பிறகு, "தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள். "அது உன் கண்ணு முன்னால சாவக் கூடாதுன்னுதான்டா. எத்தினி ஆசையா வளத்தே. கொயந்த கையி மாதிரி கையி வச்சுகினு இருந்துச்சு. அத்த இந்தத் தொட்டில சாவ உட்றதா?"

"அது சாவலம்மா. மாறினு இருந்துச்சு. சொன்னேன்ல? எத்தினி வாட்டி சொன்னேன்!"

"சொன்னே."

"உப்பு கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னே கண்ணு. நீ பொஸ்தகத்துல கீறத சொன்னே. நான் செவுளப் பாத்தேன்."

"என்னை ஏணில ஏத்தினியே."

அதற்கு நைனாதான் சொன்னார்: "ஏறாதேன்னா நீ கேக்கவா போறே? உழுந்துடப் போறியேன்னு அவதான் புடிச்சுகினு நின்னா."

எனக்கு அழுகை வரவில்லை. அவர்கள் செய்ததைவிட வேறொன்று நெஞ்சில் குத்தியது. என்னைப் படிக்க வைக்க அவள் வெயிலில் தெருத்தெருவாகக் கூடை சுமந்திருக்கிறாள். நான் தேறிய அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். அத்தனையும் உண்மை. ஆனால் நான் படித்ததில் ஒரு சொல்லைக்கூட அவள் நம்பியிருக்கவில்லை. மருந்து சீட்டையும் நோட்டீஸையும் நான் படிக்கும்போது தலையாட்டினாளே, அதெல்லாம் கிளி பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுகிற ஆசைதான். உயிர் போகிற விஷயம் என்று வந்தபோது கட்டைவிரலை நம்பினாள். அவளை நம்பித்தான் நான் ஒரு வகுப்பின் முன்னால் நின்று சத்தியம் செய்தேன்.

அவளுக்கு வலிக்கட்டும் என்றே சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாக, ஆய்வுக்கூடத்தில் சொல்வது போலச் சொன்னேன்.

"கேளும்மா. அது மலைத் தண்ணி உசுரு. உப்புத் தண்ணி அதோட தோலுக்குள்ள இருக்கிற தண்ணியெல்லாம் உறிஞ்சிடும். நீந்திப் போவல. முழுகிச்சு. துடிச்சதுன்னு சித்தப்பா சொன்னாரே, அது எரிச்சல்ல துடிச்சது. கரையேற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. பொழச்சிருக்கும். நீங்க ரெண்டு பேரும் சேந்து அத்தக் கொன்னுட்டீங்க."

சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தையைப் பார்ப்பது போல.

"ஆமா கண்ணு" என்று தலையாட்டினாள். "நீ சொன்னா சரிதான்."

நைனாவும் தலையாட்டினார். அதே தலையாட்டல்தான்.

அம்மா என் பக்கம் தட்டை நகர்த்தி, சோற்றின் நடுவில் குழி செய்து கீரையை ஊற்றினாள். "புழல் மண்ணுல்ல, தளதளன்னு வந்து கீது, துன்னு" என்றாள். ஒரு வாய் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அவள் விரல் நுனியில் கீரையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா, உப்பு பத்தலயா?" என்று கேட்டாள்.